ஜன்னல் வழியே வந்த கறுப்பு பெல்ட்

என் அத்தானை, அக்கா வீட்டுக்காரரை, எல்லோரும் 'வேன் மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பதினோரு பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் இறக்கிவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் போனை நோண்டுவார்கள். இவர் கூடத்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். நாலு வருஷம் பார்த்தார். ஐந்தாம் வருஷம், நாற்பத்தாறு வயதில், வெள்ளைச் சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய் நின்றார்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "இந்தத் தொப்பைக்கு எந்த பெல்ட்டும் பத்தாது அத்தான்" என்று சொன்னவன் நான்தான், மறைப்பானேன்.

அந்தக் கூடத்தில் வயசுக்கு மரியாதை கிடையாது, பெல்ட்டுக்குத்தான். வரிசையில் கறுப்பு முதலில் நிற்கும், அப்புறம் பழுப்பு, பச்சை, மஞ்சள், கடைசியில் வெள்ளை. அவருடைய வேனிலேயே வரும் தெற்றுப்பல்காரி ஒருத்தி, ஒன்பது வயசு, பச்சை பெல்ட். கூடத்தில் அத்தான் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். வேனில் ஏறியதும் பழி தீர்த்துக்கொள்வார். "ஒழுங்கா உக்காரு. இங்க நான் மாட்டச் சொல்ற பெல்ட்தான் பெரிய பெல்ட்."

முதல் தேர்விலேயே குட்டு உடைந்தது. கட்டா என்று ஒன்று உண்டு. எதிராளி இல்லாமல், வரிசை மாறாமல் செய்துகாட்ட வேண்டிய அடிகளும் திருப்பங்களும். அத்தான் ஓர் அடி விடாமல் செய்தார். ஆனால் எல்லாமே இடம் வலம் மாறி. வலது கையால் குத்த வேண்டிய இடத்தில் இடது கை வந்தது. காரணம் அந்த ஜன்னல். அது பிள்ளைகளுக்கு நேர் எதிரே இருந்தது. மனுஷன் நாலு வருஷமும் எதிரே நின்று, கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கற்றுவைத்திருக்கிறார்!

"அதையெல்லாம் மறந்துட்டு முதல்லேருந்து வாங்க" என்றார் மாஸ்டர். வந்தார். மஞ்சள், பச்சை, பழுப்பு என்று ஆறு வருஷம் ஓடியது. கறுப்பு பெல்ட் தேர்வில்தான் பதற்றத்தில் பழைய ஜன்னல் புத்தி எட்டிப்பார்த்தது. இருபத்திரண்டாவது அடியில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடப்பக்கம் திரும்பினார். இரண்டு முறை தேர்வுக்குப் போயும் அதே இடத்தில் அதே தப்பு. மூன்றாம் முறையும் தவறினால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவர் முட்டியைப் பார்த்த டாக்டரோ ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது என்றுவிட்டார். அன்று அவர் சாப்பிடாமல் எழுந்துபோனதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா களத்தில் இறங்கினாள். அவளுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை, பக்க வரிசை தப்பினால் அவளுக்குப் பொறுக்காது.

"எதிர்ல நின்னு பாத்ததால வந்த வினை. இனிமே என் முதுகைப் பாருங்க" என்றாள்.

அதற்காக அவளே மாஸ்டரிடம் போய் அத்தனை அடிகளையும் கற்றுக்கொண்டாள். தினமும் விடிந்ததும் பீரோவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே, நைட்டியோடு காற்றைக் குத்துவாள். பின்னால் அத்தான் குத்துவார். இப்படியே ஐந்து மாதம்.

தேர்வு நாளில் நானும் அக்காவும் அதே ஜன்னலில் நின்றோம். உள்ளே அவரோடு ஐந்து பேர், எல்லாம் இளவட்டம். இருபத்திரண்டாவது அடி வந்தது. அக்கா என் கையைக் கிள்ளினாள். அத்தான் வலப்பக்கம் திரும்பினார். அப்பாடா!

தேர்வு நடத்தியவர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. பேனாவை மூடவில்லை. "இப்ப இதையே பக்கம் மாத்தி செய்ங்க. இடது வலதாகணும், வலது இடதாகணும். ரெண்டு பக்கமும் வந்தாத்தான் கறுப்பு."

இளவட்டங்களின் கைகால்கள் பின்னிக்கொண்டன. ஒருவன் இன்னொருவன்மேல் மோதினான். இரண்டு பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். நடுவில் என் அத்தான் மட்டும் தண்ணீர் குடிப்பதுபோல முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை செய்து முடித்தார்.

"இந்தப் பக்கத்தை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

அத்தான் எங்களை நோக்கிக் கை நீட்டினார். "அந்த ஜன்னல்ல, மேடம்."

மாஸ்டர் தன் கையாலேயே அவர் இடுப்பில் கறுப்பு பெல்ட்டைக் கட்டினார். வரிசையில் நிற்கச் சொன்னதும் பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கம் நடந்தார். அந்தத் தெற்றுப்பல்காரி இப்போது பதினாறு வயசுக் கறுப்பு பெல்ட். சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேன் மாமா, எங்க போறீங்க? உங்க இடம் இங்க, என் பக்கத்துல."

முன்வரிசையில் நின்று ஜன்னலைப் பார்த்தார். அக்கா குனிந்து வணக்கம் சொன்னாள். அவள் யாருக்கும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை, கல்யாணப் போட்டோவில்கூட நிமிர்ந்துதான் நிற்பாள். அவர் அவளைவிட ஒரு சாண் கூடுதலாகக் குனிந்தார்.

வெளியே வந்து வேனைக் கிளப்பினார். அன்று அவர் வாயைத் திறக்கும் முன்பே வேனில் இருந்த அத்தனை பேரும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள், நான் உட்பட.