ஏறாத வளையல்

போன வருடம் வைகாசியில், சிதம்பரத்தில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து காலை ரயிலில் போனேன். சுகாதாரத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், நடைமுறைகள் அத்துப்படி. வளைகாப்பில் கைம்பெண்ணுக்குக் கடைசி வரிசை நாற்காலி என்பதும் நடைமுறைதான். சாப்பாட்டுக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் குறையொன்றும் இல்லை.

கர்ப்பிணிகளுக்கான செயலி ஒன்றைத் தங்கை மகளின் போனில் நான்தான் ஏற்றிக் கொடுத்திருந்தேன். என்ன சாப்பிடலாம், எப்படிப் படுக்கலாம், எது ஆபத்து என்று வாரா வாரம் தமிழில் பேசும். அவள் மாமியாருக்கு அது வேப்பங்காய். "நாங்கல்லாம் போனக் கேட்டுக்கிட்டா புள்ள பெத்தோம்?" என்பார்.

மேடையில் கண்ணாடி வளையல் கையில் ஏறவில்லை. விரல்களும் மணிக்கட்டும் ஊதியிருந்தன. "ஒம்பதாம் மாசம்னா வீங்கத்தான் செய்யும். சோப்புத் தண்ணி கொண்டாங்கடி" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்துக்கொண்டே நுரை தடவித் தள்ளினார்கள். இரண்டு வளையல் ஏறியது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடினாள்.

"பெரிம்மா, போன்ல சொன்ன மாதிரியே இருக்கு. தல வெடிக்குது. கண்ணு மங்குது."

கையும் முகமும் வீங்கி, தலைவலியோடு பார்வையும் மங்கினால் ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். வலிப்பு வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. தங்கை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் மேடை ஏறி, வீங்கிய கையை இறுக்கிய வளையல்களைப் பிடித்தேன்.

"நீங்க எங்க வரீங்க?" என்று மாமியார் குறுக்கே வந்தார். "பொறக்குற வரைக்கும் வளையலக் கழட்டக் கூடாது. அதுவும் நீங்க தொடலாமா?"

"தொட்டாச்சு, சம்மந்தி." நுரை காயவில்லை, வளையல்கள் வழுக்கிக்கொண்டு வந்தன.

"ஆரத்தி எடுக்காம எழுந்திரிச்சா ஆவுமா?"

"ஆட்டோவுக்கு எடுங்க."

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் உடனே உள்ளே சேர்த்துக்கொண்டார். ஊசி போட்டு, அன்றே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். இருவரும் நலம்.

நான் வளையலைக் கழற்றிய அபசகுனத்தைச் சிதம்பரத்தில் இன்னும் பேசுகிறார்களாம். பேசட்டும். அந்த அபசகுனம் இப்போது என் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. எந்த வளைகாப்புக்குப் போனாலும் இனி முன்வரிசைதான். வளையலைப் பார்க்க ஊரே இருக்கிறது, கையைப் பார்க்கவும் ஒருத்தி வேண்டும்.