முகம் பாராமல் எழுதிய தீர்ப்பு

அந்த ஜெர்மன்காரப் பேராசிரியரை எனக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் செத்து இருநூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டி, சின்யோராவின் வீட்டுக்கு ஒவ்வொரு காலையும் கோப்பியோடு கூடவே வந்துவிடுவார். சின்யோரா பல்கலைக்கழகத்தில் சட்ட வரலாறு படிப்பித்தவர். எண்பதைத் தாண்டியும் அந்த ஆளைப் பற்றிய புத்தகத்தை அவர் முடிக்கவில்லை. கண் மங்கிவிட்டதால் எழுத நினைப்பதையெல்லாம் என்னிடம் சொல்லுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அவருடைய கால் நகத்தை வெட்டிக்கொண்டு கேட்பேன்.

பேராசிரியர் ஒரு பாதிரியாரின் மகனாம். தன் வீட்டுக் கூடத்திலேயே மாணவர்களை இருத்திப் பாடம் சொன்னாராம். சிலர் அங்கேயே தங்கிச் சாப்பிட்டார்களாம். யார் சமைத்தது என்று கேட்டேன். மனைவியாக இருக்கும் என்றார், அவ்வளவுதான். பிறகு அவர் சட்ட பீடத்துக்கே தலைவரானார். அந்தக் காலத்தில் தூரத்து நீதிமன்றங்கள் சிக்கலான வழக்குகளைக் கட்டாகக் கட்டி வண்டியில் ஏற்றி இப்படியான பேராசிரியர்களுக்கு அனுப்புமாம். அவர்கள் வாசித்துத் தீர்ப்பெழுதித் திருப்பி அனுப்புவார்களாம்.

"ஆளைப் பாக்கிறதே இல்லையோ?" என்று கேட்டேன். நாங்கள் இத்தாலியனில் கதைத்ததை என் தமிழில் எழுதுகிறேன்.

"பாக்கக் கூடாது. அதுதான் அதின்ரை அழகு," என்றார் சின்யோரா. "உள்ளூர் நீதவான் பண்ணையாரின்ரை மேசையிலை சாப்பிடுறவன். இவருக்கு ஒருத்தரையும் தெரியாது, ஒருத்தருக்கும் பயமில்லை. வெள்ளிக் கரண்டி களவெடுத்தவள் எண்டு பிடிச்ச ஒரு வேலைக்காரப் பெட்டையை இவர்தான் விடுவிச்சவர்."

"வண்டி போய்த் திரும்பி வருமட்டும் அவள் எங்கை இருந்தவள்?"

"சிறையிலை."

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அழகாம்!

சின்யோராவின் மகன் வடக்கே தூரத்து மிலானோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஃபோன் எடுத்து, "அம்மா எப்பிடி?" என்பார். எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொல்லுவேன். "சுமார். கொஞ்சம் தளர்ந்துபோனா. சாப்பாடும் குறைவு." முதல்நாள் சின்யோரா இரண்டாம் தரமும் பாஸ்தா கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார். ஆனால் ஒருவர் நன்றாக இருக்கிறார் என்று வாயால் சொன்னால் நாவூறு பட்டுவிடும். அந்தப் பயத்தில்தான் நான் ஃபோனையே எடுப்பேன்.

ஒருநாள் மகன் தாயோடு கதைத்தார். மிலானோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தாயிற்றாம். ஈஸ்டர் முடிய அங்கே போகவேண்டுமாம். உன்னைப் பராமரிக்கிறவவே, நீ கிழமைக்குக் கிழமை தளர்ந்து போறாய் என்று சொல்லுகிறா என்றாராம். என் சொற்களையெல்லாம் அங்கே ஒரு டொக்டரிடம் ஒப்புவிக்க, அவரும் தலையாட்டியிருக்கிறார். பலெர்மோவுக்கு ஒரு குருவிகூட வந்து பார்க்கவில்லை.

"நீ அப்பிடியோ சொன்னனீ?" என்று சின்யோரா கேட்டார். நாவூறைப் பற்றி விளக்கினேன். சிரித்தார். "இது ஆரும் சுகம் கேட்டா நாவூறுக்குப் பயந்து இரும்பைத் தொடுற ஊர். அவனும் இஞ்சை பிறந்தவன்தானே, விளங்கியிருக்கவேணும்." பிறகு, "எண்டாலும் காரணங்களை ஒழுங்காத்தான் சொல்லியிருக்கிறான்," என்றார்.

மகன் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சொல்லுக்குத்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

ஒரேத்தோப் பக்கத்தில் எங்கள் வீட்டில் என் மனுசன் என்னைப் பகிடி பண்ணினார். "என்னைப் பற்றி ஆரும் கேட்டாலும் பாதி செத்துப்போனார் எண்டெல்லே சொல்லுவாய்! இப்ப வேலை போனா இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெஸ்ஸோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது?"

அதை நான் யோசிக்காமலா இருந்தேன்? ஆனாலும் மறுநாள் மகனுக்கு ஃபோன் எடுத்தேன். "வந்து பாருங்கோ. நீங்கள் வந்து பாக்குமட்டும் நான் ஒரு சட்டையும் பெட்டிக்குள்ளை வைக்கமாட்டன்."

அவர் வந்தார். தாயைக் கொஞ்சிவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லுங்கோ. அம்மா எப்பிடி?"

பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட நன்றாக இருக்கிறார்கள் என்று நான் சொன்னதில்லை. "நல்லா இருக்கிறா," என்றேன். "வடிவாச் சாப்பிடுறா. நல்லா நித்திரை கொள்ளுறா. போய்ப் பக்கத்திலை இருங்கோ, தெரியும்."

பின்னேரம் முழுக்க அவர் தாயின் பக்கத்தில் இருந்து, வண்டிக் கதையையும் கரண்டிக் கதையையும் கேட்டார். தாய் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இருட்டுவதற்கு முன் மிலானோவுக்கு ஃபோன் எடுத்து அந்த இடம் வேண்டாம் என்றார்.

போகும்போது வாசலில் நின்று, "இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்கள் முதலே வந்திருக்கலாம்," என்றேன்.

அவர் படியிறங்கினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப, உள்ளே சின்யோரா இருமுவது கேட்டது. நன்றாக இருக்கிறா என்று என் வாயால் சொல்லவைத்துவிட்டுப் போகிறானே, பாவி!