தேசம்மா எழுதிய ஒரு வரி

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தபோது பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து கன்னியம்மாவின் அழைப்பு வந்தது. அவராக என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. "சார், தேசம்மாக்கா பூட்டாங்க. பொன்னேரி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாங்களாம். நெஞ்சப் புடிச்சிக்கினு குந்துனவங்க எழுந்துக்கல" என்றார். பிறகு, "எம் பொண்ணு கூடத்தான் இருந்துச்சு" என்றார்.

பசியாவரத்தைச் சேர்ந்த தேசம்மா அவர்களை வெளியில் யாருக்கும் தெரியாது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் குழந்தைகளின் எடையையும் தடுப்பூசியையும் கவனித்துவந்த களப்பணியாளர். வயது நாற்பத்தாறு. சிறு குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுகொள்ள உதவும், நிறைய வீடியோக்களைப் பார்த்துத் தானே கற்கும் ஆழ்கற்றல் மென்பொருளோடு நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு அங்கே போனது. போனில் குழந்தைகளைப் படமெடுக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். குழந்தை எங்கே பார்க்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதையெல்லாம் மென்பொருள் அந்த வீடியோவில் கவனிக்கும். சந்தேகம் இருந்தால் சிவப்பு காட்டும். அந்தக் குழந்தையை மருத்துவரிடம் அனுப்புவோம்.

முதல் மாதமே ஒரு குப்பத்தில் பாதிக் குழந்தைகளுக்குச் சிவப்பு. தேசம்மா அவர்கள் சிரித்துவிட்டார். "இன்னா சார், உங்க மிஷினு ஊரையே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவும் போலக்குது!" மறுநாள் என்னை ஏரிக்கு அழைத்துப்போனார். பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாயில் கூடையை வைத்துக்கொண்டு பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? கரையில் விளையாடும் பிள்ளை தூரம் போனால், தாய் உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கித் தட்டுவார். பெயருக்குத் திரும்பாத பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குச் சட்டென்று திரும்பினார்கள்.

சோதனையை மாற்றினோம். பெயருக்குப் பதிலாக அலுமினியச் சட்டியில் தண்ணீர். தேசம்மா அவர்கள் தட்டுவார். புதிய வீடியோக்களைக் கொண்டு மென்பொருளை மறுபடி பயிற்றுவித்தோம். சிவப்பு குறைந்தது. கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான்.

பிறகு பவானி வந்தாள். கன்னியம்மாவின் மகள், அப்போது மூன்று வயது. ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பினாள். மென்பொருள் பச்சை காட்டியது. தேசம்மா அவர்கள் மட்டும் படிவத்தின் அடியில் எழுதியிருந்தார்: "தண்ணியப் பாக்குது. தட்டுன ஆளப் பாக்கல." போனிலும் சொன்னார். எனக்கு எரிச்சல். "அக்கா, நீங்க பார்த்ததைவிட மிஷின் நிறைய குழந்தைங்களைப் பார்த்திருக்கு" என்றேன். "செரி சார், படிச்சவங்க சொல்றீங்க" என்று வைத்துவிட்டார். கன்னியம்மாவிடம் போய், "ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்றும் சொன்னார். அப்படிச் சொல்லச் சொன்னது நான். குறிப்பு எழுதும் இடத்தை மென்பொருள் படிப்பதில்லை, வீண் வேலை என்று, அடுத்த மாதம் படிவத்திலிருந்தே அதை எடுத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மருத்துவர் ஆட்டிசம் என்றார். ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று கன்னியம்மாவிடம் கேட்டாராம். பவானிக்கு அதுவரை ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேனே" என்று தேசம்மா அவர்கள் என்னிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எங் கண்ணு பாத்தத நானே நம்பாம பூட்டேன் சார்" என்றார். அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

கன்னியம்மா ஏரிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் செவ்வாய்தோறும் பவானியைப் பொன்னேரியில் நடக்கும் சிறப்புப் பயிற்சிக்கு அழைத்துப்போனவர் தேசம்மா அவர்கள்தான். கன்னியம்மாவின் குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் சட்டியைத் தட்டி, பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டுவாராம். "ஒரு வாட்டி என் மூஞ்சப் பாத்துட்டா போதும் சார்." பவானி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடக்கத்துக்குப் பசியாவரம் போனேன். பந்தலுக்கு வெளியே, வருகிறவர்கள் கால் கழுவச் சட்டியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அந்தச் சட்டியின் பக்கத்தில் பவானி உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைத் தட்டினாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, அங்கிருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி பார்த்தாள். கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

படிவத்தில் அந்த இடத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், அக்கா. இனி மென்பொருள் பச்சை காட்டினாலும், உங்களைப் போல ஒருவர் சந்தேகத்தை எழுதினால் குழந்தை மருத்துவரிடம் போகும். பவானி இழந்த இரண்டு ஆண்டுகள் இதனால் திரும்பி வராது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு ஆளும் இன்னும் கிடைக்கவில்லை. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள்.

அவள் இப்போது ஆளைப் பார்க்கிறாள், அக்கா. நீங்கள்தான் அங்கே இல்லை.