பூட்டுக்கு விட்ட எண்ணெய்

எண்ணெய்க் கடையில் அளந்து ஊற்றும் வேலை அவளுக்கு. எண்ணெய்க்காரம்மா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். புனலை வைத்து, பீப்பாயின் குழாயைத் திருகி, நுரை அடங்கி மூடியை இறுக்குவதற்குள் வாங்க வந்தவர்களுக்கு ஒரு பிரசங்கம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

"சூரியகாந்தி லேசு. பொரிக்கிறதுன்னா கடலையெண்ணெய்தான் சூடு தாங்கும். தேங்காயெண்ணெய் குளிர்ல உறையுதா இல்லையா? அப்ப உள்ள போய் உறையாதா?"

உறையாது. உடம்புச் சூட்டில் எது உறையும்? ஆனால் புனலும் கையுமாக நிற்பவள் சொன்னால் வேதவாக்குதான். பக்கத்து மருந்துக் கடைக்காரரே அவளைக் கேட்டுத்தான் வீட்டுக்கு எண்ணெய் வாங்குவார்.

அவள் புருஷன் எதிர்ச் சாரியில் பூட்டு ரிப்பேர் பார்த்தார். அளந்து பேசுகிறவர். சாவி திரும்பவில்லை என்று வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எண்ணெய ஊத்தாதீங்க. ஒரு சொட்டு போதும். மிஞ்சினா தூசியச் சேத்துக்கிட்டு அடைச்சுக்கும்."

ஒரு நாள் அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறைப் பலகையில் சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அவளுக்கு உலகமே இருண்டுவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவர் பிழைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று வாசற்படியில் நின்று அழுதாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், முகத்தில் மாஸ்க்கும் கையில் அடுத்த நோயாளியின் ஃபைலுமாக, போகிறபோக்கில் சொன்னார்: "மாத்திரைய விடாதீங்க. சாப்பாட்டுல நல்ல எண்ணெயா பாத்து அளவா சேத்துக்கங்க."

பொழுதெல்லாம் 'நல்லெண்ணெய் அரை லிட்டர்' என்று கேட்டுப் பழகிய காது அது. நல்லெண்ணெய் என்றுதான் விழுந்தது. 'அளவா' என்ற சொல் அவளுடைய விசும்பலில் அடிபட்டுப் போயிற்று.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவுதானாங்க? இது என் கைக்குள்ள இருக்குற வேலை. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி, சோற்றின் மேல் ஒரு கரண்டி, காய்கறி மிதக்க மிதக்க ஒரு கரண்டி. ஊட்டியும் விட்டாள். கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத வேலை.

"துருப்பிடிச்ச பூட்டுக்குத்தான் நான் எண்ணெய் விடுவேன். என்னையும் பூட்டாக்கிட்டியா?" என்பார் அவர்.

"வாயத் தொறங்க. மருந்து."

திறப்பார். கடையில் அவளுடைய பிரசங்கம் மாறியது. இதயத்துக்கு நல்லெண்ணெய்தான், டாக்டரே சொல்லிவிட்டார் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

மறுபடி ரத்தம் சோதித்தபோது கொழுப்பு குறையவில்லை, ஏறியிருந்தது. எடையும் கூடியிருந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். அவள் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நல்லதா ஒரு எண்ணெய்னுதாம்மா சொன்னேன். நல்லெண்ணெய் கெட்டதில்ல. ஆனா எந்த எண்ணெயும் முழுக்கக் கொழுப்புதான். நல்லதுங்கறதுக்காகக் கரண்டி கரண்டியா ஊத்தலாமா? வேக வெச்சுக் குடுங்க, ஆவியில அவிச்சுக் குடுங்க. எண்ணெய் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் போதும்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர்தான் ஆரம்பித்தார். "எனக்கு அன்னைக்கே சரியாத்தான் காதுல விழுந்துது."

"தெரிஞ்சேவா குடிச்சீங்க?" அவள் குரல் கிழிந்தது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? ஏன் வாயத் தொறக்கல?"

"மாலை மாலையா அழுதுட்டிருந்த. அந்த ஒரு வார்த்தையக் கேட்டதும்தான் முகம் தெளிஞ்சுது. அதுல நான் மண்ணள்ளிப் போடவா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

அன்பு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். இதற்கு மடத்தனம் என்றுதான் பெயர். அவளும் அதைத்தான் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் ஆவியில் வெந்தது. ஸ்பூனில் அளந்து, விளிம்பை விரலால் வழித்து எண்ணெய் விட்டாள். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஆனால் அவள் ஊட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே, பட்டறையில் ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டபடி போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "அடைப்பு பல வருஷத்துது. அந்த எண்ணெயாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்க மேல பழியப் போட்டுக்காதீங்க."

நாத்தனார் அப்படிச் சொல்லவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னாள்: "ஊருக்கெல்லாம் அளந்து ஊத்துறவ, எங்க அண்ணனுக்கு மட்டும் அளக்காம ஊத்திட்டா."

அவர் தெரிந்தேதான் குடித்தார் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது மறுபடி கடைக்கு வருகிறாள். பிரசங்கம் நின்றுபோயிற்று. எது உடம்புக்கு நல்லது என்று கேட்டால் முதலாளியைக் கைகாட்டிவிடுகிறாள். ஆனால் யாராவது பாட்டிலை நீட்டி நல்லெண்ணெய் கேட்டால் மட்டும் குழாயில் வைத்த கை நின்றுவிடும்.

"நல்லெண்ணெயா, நல்ல எண்ணெயா?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். "என்னம்மா, ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் சிரிப்பதில்லை. எள் எண்ணெய்தான் என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை குழாயைத் திறப்பதும் இல்லை.