மாம்பூ பார்க்கப் போன வண்டி

பிள்ளைகளா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். போன தை மாதக் கடைசியில், நம் ராஜபாளையம் வீட்டிலிருந்து மலையடிவாரத் தோப்புக்குப் போகிற மண்பாதையில் நடந்தது இது. நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்குக் கூட இல்லை. பெரியவள் காலேஜ் பஸ்ஸைப் பிடித்துக் கிருஷ்ணன்கோவிலுக்குப் போயிருந்தாள். சின்னவனுக்குப் பள்ளிக்கூடம். அம்மாவிடம் கேட்டால், தோப்புக்குப் போய்விட்டு வந்தோம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். எனக்கு அப்படி முடிக்க வரவில்லை.

அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, ஐப்பசி மழையிலிருந்து கட்டிலும் ஜன்னலுமாகக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அவள் எதையும் கேட்பதையே விட்டுவிட்டாள் என்பது. காப்பி வேண்டுமா என்றால் சரி என்பாள். வேண்டாமா என்றாலும் சரி என்பாள். அப்படி இருந்தவள் ஒரு நாள் காலையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோப்பில் பூ வந்திருக்குமா என்று கேட்டாள். வந்துவிட்டது, ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வரட்டுமா என்றேன்.

"ஒடிச்சிட்டு வந்தா அது பூவா? மரத்துல நிக்கணும். தேனீ மொய்க்கணும். பிஞ்சு பிடிக்கிறதுக்குள்ள ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

டாக்டரைக் கேட்டேன். கொஞ்ச தூரம் காரில் போகலாம், ஆனால் குலுங்கவே கூடாது என்றார். நம் தோப்புப் பாதையை அவர் பார்த்ததில்லை. பாதி வழிக்கு மேல் பள்ளமும் மேடும். அதற்கப்புறம் ஓடை. ஓடைக்குள் உருண்டை உருண்டையாகக் கல். பின்னால் ஆளும் கூடையும் ஏற்றுகிற நம் ஜீப் வண்டிக்கும் வயதாகிவிட்டது. பின்பக்கம் தொய்ந்துபோய், ஒவ்வொரு தடவை ஓடையில் இறங்கும்போதும் அடிவயிற்றில் கல் இடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அம்மாவின் முதுகில் இடிப்பதாக நினைத்துப் பார்த்தேன். வண்டியை உயர்த்துவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்கும். வண்டியைத் தூக்குவது பற்றி உன் போனில் படம் படமாகக் காட்டினாய். எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. யானை மாதிரி நிற்கிற வண்டிகள். நான் நாலு இஞ்ச் தூக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம்ப்பா, வளைவில் சாயும், ரெண்டு இஞ்ச் போதும் என்றாய். அந்த மட்டுக்கும் உன் பேச்சைக் கேட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நடத்துகிறவர் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். என் வயதுதான் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவரிடம், கல்லில் தட்டாமல் உயரமாகவும் இருக்க வேண்டும், உள்ளே இருக்கிறவளுக்கு மெத்தென்றும் இருக்க வேண்டும் என்றேன்.

"அண்ணாச்சி, ஆசைப்படுறதுக்கு ஒரு அளவு வேண்டாமா? மொட்ட மாடியும் வேணும், படி ஏறவும் மாட்டேன்னா எப்படி?" என்று சிரித்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையம் வைத்தால் உயரம் கிடைத்துவிடும், அதில் பெரிய வம்பு இல்லை. பின்பக்கம்தான் யோசிக்க வேண்டும். அங்கே அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகள் வில் மாதிரி வளைந்து இருக்கின்றன அல்லவா, அதைக் கமான் என்பார்கள். அந்தப் பட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, அவை தொங்குகிற கொக்கியை மட்டும் நீளமாக மாற்றலாம். உயரம் வரும், பழைய மென்மையும் இருக்கும், ஆனால் பாரம் ஏற்றினால் மறுபடியும் தொய்யும். இல்லையென்றால் புதிதாக ஒரு கனத்த பட்டை சேர்த்து, கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர் போடலாம். எத்தனை பாரம் வந்தாலும் நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் ஷாக் என்றால் அவ்வளவு விறைப்பு இருக்காது, மெதுவாக அமுங்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னாடி எப்பவும் எம்புட்டு வெயிட்டு இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுறேன்."

எனக்குச் சித்திரை மாதம் கண்ணில் வந்து நின்றது. கூடை கூடையாகச் சப்பட்டை மாம்பழம். நிறைய ஏற்றுவோம் என்றேன். எப்பவுமா என்று இன்னொரு தடவை கேட்டார். எப்பவும்தான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. பலவீனமான முதுகுக்குப் பலமான சாமான்தான் நல்லது என்று எனக்குள் ஒரு எண்ணம். வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் கதவுக்குப் பெரிய தாழ்ப்பாள் போடுகிறோமே, அந்த மாதிரி. ஆக, கனத்த பட்டை, கேஸ் ஷாக்.

வேலை முடிய மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்றார். கோயில் பக்கம் நடந்து போய் ஒரு மர நிழலில் உட்கார்ந்தேன். வெயில் இலைக்கு நடுவில் விழுந்து காசு காசாகத் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. கண் சொக்கிவிட்டது. வண்டி ஒரு பரிசல் மாதிரி ஓடைக்கு மேல் மிதந்து போகிறது, கல்லெல்லாம் கீழே தண்ணீருக்குள் தெரிகிறது, அம்மா கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வருகிறாள் என்று ஒரு தோற்றம். கனவா நினைப்பா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போனபோது வண்டி நிமிர்ந்து நின்றது. அதில் ஏறி ராஜபாளையம் ரோட்டில் வந்தேன். ரோடு வழுவழுவென்று இருந்தது. இடது பக்கமும் வலது பக்கமும் தென்னைகள் என் தோள் உயரத்துக்கு இறங்கி வந்த மாதிரி, மேற்கே மலை என்னோடு கூடவே நடந்து வருகிற மாதிரி இருந்தது. நல்ல ரோட்டில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை, நீங்கள் போன பிறகு, நானும் அம்மாவும் கிளம்பினோம். முதல் சிக்கல் வாசலிலேயே. வண்டி உயர்ந்துவிட்டதால் அம்மாவால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சாமி அறையில் இருந்த மணைக்கட்டையை எடுத்து வந்து போட்டேன்.

"அன்னைக்குத் தாலி கட்ட மணையில உக்கார வச்சீங்க. இன்னைக்கு மணையில நிக்க வைக்கிறீங்க" என்றாள். அவள் கேலி பேசி எத்தனை நாளாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நடு சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்தேன்.

தார் ரோடு முடிகிற வரைக்கும் ஒன்றும் இல்லை. மண்பாதையில் இறங்கினோம். முதல் பள்ளத்திலேயே பின்பக்கம் எகிறியது. நடக்கிற வேகத்துக்குக் குறைத்தேன். அப்போதும் சின்னச் சின்னக் குழிக்கெல்லாம் வண்டி உதைத்தது. பழைய வண்டியாவது தொய்ந்து தொய்ந்து போகும். இது கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் நல்லாத்தான் இருக்கு, போங்க என்றாள். இன்னொரு பள்ளம். அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்து நின்றது. நான் வண்டியை நிறுத்தினேன்.

ஓடை இன்னும் வரவே இல்லை. அதற்கு அந்தப் பக்கம் நம் மரங்களின் தலை பொன் நிறத்தில் தெரிந்தது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. திரும்பினால் அம்மா மறுபடியும் ஜன்னலைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், இனி எதையும் கேட்கமாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் முன்னே போவதற்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை.

அந்த நேரத்தில் பின்னால் பேச்சுச் சத்தம். களை வெட்டப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர், கையில் களைக்கொத்தியும் தூக்குவாளியுமாக வந்தார்கள். வாய்க்காலில் இறங்கி வந்ததால் முழங்கால் வரைக்கும் செம்மண் சகதி. யாரும் நமக்குத் தெரிந்தவர்கள் இல்லை. வண்டி நின்றுவிட்டதா, தள்ளிவிடட்டுமா என்று அவர்களாகவே கேட்டார்கள். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா என் தோளைத் தொட்டாள்.

"இவங்கள ஏறச் சொல்லுங்க."

பாவப்பட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உனக்கே உட்கார முடியவில்லை, இதில் ஊரையும் ஏற்றவா என்றேன்.

"காய் ஏத்துறப்ப பாதி லோடா அனுப்பாதீங்கன்னு நான் வருசா வருசம் கத்துவேனே, எதுக்கு? பாதி லோடு துள்ளி, காய் பூரா அடிபட்டுப் போகும். நிறைய ஏத்துனா வண்டி அசையாமப் போகும். இப்ப நான்தான் பாதி லோடு."

ஒர்க்‌ஷாப்காரர் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாரத்துக்கென்று செய்த பட்டையை வெறும் வண்டியில் போட்டு, அதில் அவளை ஒற்றை ஆளாக உட்கார வைத்திருக்கிறேன்.

பின்கதவைத் திறந்தேன். அவர்கள் தயங்கினார்கள். கால் பூராவும் சகதி அண்ணாச்சி, வண்டி வீணாப்போகும் என்றார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, செருப்பைத் தட்டாமல் உங்களையே நான் வண்டியில் ஏறவிட மாட்டேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அம்மாதான், எனக்கு முதுகில் ஆபரேஷன், நீங்கள் ஏறினால்தான் என்னால் போக முடியும் என்று விளக்கிச் சொன்னாள். அவர்களில் மூத்தவர் போல இருந்த ஒரு அம்மாவுக்கு நல்ல கனமான உடம்பு. உங்கள் அம்மா சொன்னதைக் கேட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏட்டி, குண்டா இருக்கேன் குண்டா இருக்கேன்னு என்னையப் பேசுவியளே. இன்னைக்கு என் அருமை தெரிஞ்சுச்சா? தள்ளுங்கடி, நான் நடுவுல உக்காரணும்."

ஒவ்வொருத்தராக ஏற ஏற, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அமர்ந்தது. நான் வெளியே நின்று பின்சக்கரத்துக்கு மேல் பட்டை அமுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் அசருகிற மனுஷன் உடம்பு தளருகிற மாதிரி இருந்தது. அந்த மூத்த அம்மா நம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகுக்குப் பின்னால் தன் கையை அணையாகக் கொடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வண்டி போனதை எப்படிச் சொல்வது. அதே பாதைதான். அதே பள்ளம்தான். சக்கரம் இறங்குவது தெரிந்தது, ஆனால் வண்டி உதைக்கவில்லை. மெள்ள அமுங்கி, மெள்ள எழுந்தது. தூக்குவாளிகள் ஒன்றோடொன்று லேசாக முட்டிக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஓடையில் எருமை தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. அத்தனை பேர் இருந்தும் ஒரு கல் கூட அடியில் தட்டவில்லை. அவ்வளவு நேரம் வம்பளந்துகொண்டு வந்த பெண்கள் ஓடை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். வலியில் மூடிய கண் இல்லை அது. மரத்தடியில் நான் கண்ட பரிசல் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கனவில் இத்தனை பேர் இருக்கவில்லை.

தோப்பில் பூ அப்படிப் பூத்திருந்தது. இலையே தெரியவில்லை. தேனீக்களின் ரீங்காரம் மரத்துக்கு மரம் தொடர்ந்து, தோப்பே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பெண்கள் இறங்கி, அடுத்த தோப்புக்கு நடந்து போனார்கள். வேலை முடிந்து இதே வழியாகத்தான் வாரோம், அதுவரைக்கும் கிளம்பிடாதீங்க மதினி என்று அந்த மூத்த அம்மா திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா தோப்பில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடியிலும் மடியிலும் பூ உதிர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை. பசிக்கிறது, சாப்பாட்டை எடுங்கள் என்று அவளாகவே கேட்டாள்.

சொன்ன மாதிரியே மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வந்தார்கள். காலையில் வந்த மாதிரியே அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார். வண்டியைக் கொண்டுவாங்க, அந்தக் கனத்த பட்டையை உருவிவிடலாம், சின்ன வேலைதான் என்றார். அம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும், ஆளை ஏற்றிக்கொண்டே போவோம் என்றாள். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் போனோம். அந்தப் பெண்கள் வருகிற நேரம் பார்த்து, மண்பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருப்போம். அம்மா யாரையும் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

பிள்ளைகளா, நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஒரு ஆளுக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் அந்த ஆளை மட்டும் பொத்திப் பொத்தித் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு பேர் கூட ஏறினால்தான் சில பாதைகள் மெத்தென்று ஆகும் என்பதை அந்த வண்டியில்தான் கண்டேன். இப்போதும் தனியாக எங்காவது போகும்போது பின்பக்கம் துள்ளினால், அந்தத் தூக்குவாளிச் சத்தம் காதில் வந்து போகிறது.

அந்த முதல் நாள் பொழுது சாய்ந்ததும், அம்மா உள்ளே படுத்திருந்தபோது, வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். பின்கதவைத் திறந்தேன். தரை முழுக்கச் செம்மண் கால்தடம், ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் ஒன்று மட்டும் அகலமாக. அதில் மாம்பூ ஒட்டிக் காய்ந்திருந்தது. துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாளித் தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, துணியைக் கொடியில் போட்டேன். திரும்பி வந்து பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.