ஜும்மா நேரத்துக் கதைகள்

"அக்கா, இனி வெள்ளிக்கிழமயும் கடைய மூடத் தேவல்ல." சின்ன முதலாளி இப்படிச் சொன்ன காலையில் என் கதை ஒன்று பாதியில் நின்றது.

கண்டி டவுனில் புடவைக்கடை. நான் கேஷியர். முதலாளிமார் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருப்பேன். எழுத எனக்கு வாய்த்தது அந்த நேரம் ஒன்றுதான். வீட்டுக்குப் போகும் குண்டசாலை பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது. வீட்டில் சமையல், மாமியாருக்கு மருந்து. பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தாலோ துணி துவைத்தே பொழுது போய்விடும். கை அது பாட்டுக்கு பில் அடிக்கும், மனசு வெள்ளிக்கிழமைக்குப் பறக்கும். நான் கதை எழுதுவது கடையில் யாருக்கும் தெரியாது.

பெரிய முதலாளி கடையை மகனிடம் விட்டதும் வந்தது வினை.

"நீங்க தமிழாக்கள் தானே, ஒங்களுக்கு ஜும்மா இல்லயே. நீங்க கவுண்டர்ல ஈந்தா யாவாரம் நிக்காது" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும் ஜும்மா இருக்கு தம்பி" என்று வாய் முந்திக்கொண்டது.

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன முதலாளி குரலைத் தாழ்த்தி, "இஸ்லாத்துக்கு வந்துட்டீங்களாக்கா? ஊட்ல தெரியுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, அது இல்ல தம்பி. அந்த நேரத்துலதான் கதை எழுதுறேன்."

"அத ஊட்ல எழுதேலாதா?"

"வீட்டுல முடிஞ்சா, ஒங்க ஷட்டர் எப்ப எறங்கும்னு ஏன் பாத்துக்கிட்டு இருக்கேன்?"

சின்ன முதலாளி ஷட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரி, மூடுவோம். ஆனா சும்மா ஈக்கப்படாது. வந்து கேப்பேன்."

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது சரிதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கதை எழுதும் கொப்பியைத் திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். இத்தனை பேர் முன்னால் வாய் விட்டோமே என்று பதறியது. கேட்டு வாங்கிய நேரம் கண் முன்னால் கரைந்தது.

ஷட்டர் உயர்ந்தது. "எழுதினீங்களா?"

"ரெண்டு வரி. அதுவும் நல்லால்ல" என்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்கும் சில கிழமை தொழுகையில மனசு நிக்காதுக்கா. அதுக்காகப் போகாம ஈக்கேலுமா?"

நான் எழுதுவது வெளியே தெரிந்த பிறகு, எழுத ஆசை, ஆனால் நேரமில்லை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் வேறெதுவும் சொல்வதில்லை. வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு, மனசு நின்றாலும் நிற்காவிட்டாலும் போய் உட்காருங்கள்.