அப்பாவின் கையை ஒரு நிமிஷம் கேட்டேன்

அன்பர்களே, போன வருஷக் கடைசியில ஆரம்பிச்சு மூணு மாசப் பூசத்துக்கு இதே கூடத்துல உட்கார்ந்து, என் அப்பா செத்துப்போகணும்னு நான் வேண்டினேன்.

நீங்க எல்லாரும் பக்கத்துலதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீங்க. காலேஜ் பொண்ணு, பரீட்சைக்கு வேண்டுதுன்னு நினைச்சிருப்பீங்க. "ஆண்டவரே, அம்மா உயிரை அவர் எடுக்கிறதுக்குள்ள அவர் உயிரை நீங்க எடுத்துக்கோங்க." இதுதான் நான் கேட்டது. நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒரு வார்த்தை மாத்தாம கேட்டேன்.

என் பேரு கலைவாணி. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசி வருஷம். அப்பா சண்முகம், மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் செக்ஷன்ல பெர்மனென்ட். அவரை உங்களுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ்ல எறும்பு மருந்து தெளிக்க விடமாட்டாரு. வாசல்ல எறும்பு வரிசைக்குப் பக்கத்துல நொய்யைத் தூவிட்டுத்தான் டூட்டிக்குக் கிளம்புவாரு. குடி கிடையாது, பீடி கிடையாது. எங்க வீட்டு வாசப்படியை முட்டை தாண்டினது கிடையாது.

அந்த மனுஷன் போன வருஷம் ஜூலையில ஒரு நாள், ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்புற நேரத்துல, குக்கர் மூடியை எடுத்து அம்மா நெத்தியில அடிச்சாரு. ஒரு அடி இல்ல. நாலு அடி. புருவம் பிளந்துபோச்சு. அம்மா அடுப்பு மேடைக்குக் கீழ சுருண்டுட்டாங்க. நான் கத்திக்கிட்டே ஓடிவந்து அவரைப் பிடிச்சுத் தள்ளினேன். அவர் சட்டை வேர்வையில தொப்பலா நனைஞ்சிருந்துது. என்னைப் பார்த்த கண்ணுல நான் யாருன்னு தெரியல.

கொஞ்ச நேரத்துல நாற்காலியில உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்துக் குடிச்சாரு. குடிச்சு முடிச்சதும் அம்மாவைப் பார்த்து, "என்ன விஜயா, நெத்தியில ரத்தம்? எங்க இடிச்சுக்கிட்ட?"ன்னு கேட்டாரு.

நடிக்கிறாருன்னு நினைச்சேன். அடியை விட அந்தக் கேள்விதான் எனக்கு வலிச்சுது.

அப்புறம் அது வாரத்துக்கு ஒரு தடவை ஆச்சு. என் ஜடையைப் பிடிச்சு ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. டிவியைக் காலால உதைச்சு உடைச்சாரு. அம்மாவோட தோள்ல கடிச்சு வெச்ச பல்லு தடம் பத்து நாள் இருந்துது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துல பழைய அப்பாவா மாறி, "யாரும்மா பண்ணது?"ன்னு எங்ககிட்டயே கேப்பாரு. எங்க பிளாக்ல எல்லாரும் குடின்னு முடிவு பண்ணிட்டாங்க.

அக்டோபர்ல மைன்ஸ்லயே நடந்துபோச்சு. பெல்ட் நின்னு, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன ஒரு மத்தியானம். கூட வேலை பார்த்துட்டு இருந்த வேலுங்கிற கான்ட்ராக்ட் தொழிலாளியை, கையில இருந்த ஸ்பேனரால வாயிலேயே அடிச்சிருக்காரு. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் அவரு. தாடை உடைஞ்சு நாலு பல்லு போச்சு. கூட இருந்தவங்க விடுவாங்களா? அப்பாவைக் கீழ தள்ளி மிதிச்சாங்க. ரெண்டு விலா எலும்பு விரிசல். குடிச்சிருக்காரான்னு சோதனை பண்ணாங்க. இல்ல. குடி இல்லன்னா கஞ்சான்னு பேச்சு. சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

வீட்டோட இருக்க ஆரம்பிச்சப்புறம் எங்களுக்குத் தப்பிக்க இடமே இல்லாம போச்சு. ஒரு டாக்டர் மனசுக்கு மாத்திரை குடுத்தாரு. அதைப் போட்டா சாயந்தரமே சாப்பிடாம தூங்கிடுவாரு. மறுநாள் காலையில இன்னும் மோசம். ரத்தம் மூணு தடவை எடுத்துப் பார்த்தாங்க. அவருக்கு டிபன் குடுத்துட்டுதான் கூட்டிட்டுப் போவோம். சுகர் நார்மல், எல்லாம் நார்மல்.

அம்மா ஒரு வேண்டுதல் வெச்சாங்க. வியாழக்கிழமை தோறும் மத்தியானம் விளக்கு ஏத்தி வழிபாடு முடியிற வரைக்கும் அவங்களும் அப்பாவும் பச்சைத்தண்ணி தவிர எதுவும் தொடக்கூடாது. யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, அம்மாவா பிடிச்ச பிடிவாதம். அதுக்கப்புறம் வியாழக்கிழமைதான் ரொம்பப் பயங்கரமா ஆச்சு. "வெளக்கைக் கண்டா வெறி வருதுன்னா உள்ளாற வேற எதுவோ உட்கார்ந்துகினு இருக்கு"ன்னு பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜேஸ்வரி அக்காவே சொன்னாங்க. நாம கடவுளாக் கும்பிடுற ஜோதியைப் பார்த்தா என் அப்பா மிருகமா மாறுறாருன்னா, நான் யாரைக் கும்பிடுறேன்? அந்த மாசந்தான் நான் அவர் சாவைக் கேக்க ஆரம்பிச்சேன்.

என் படிப்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அது நான் ஆசைப்பட்டு எடுத்தது இல்ல. மெடிக்கல் கிடைக்கல, இது கிடைச்சுது. சொந்தக்காரங்க எல்லாம், "இதைப் படிச்சிட்டு லேப்ல ரத்தம் எடுக்கப் போறியா?"ன்னு சிரிச்சாங்க. ஒரு பிராக்டிகலுக்கு ஆட்டு ஈரல் கொண்டு வரச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு அழுது, முளைகட்டின பயறை வெச்சு வேற ஒரு சோதனை பண்ணிக் குடுத்தேன். ஒருத்தரை ஒருத்தர் விரல்ல குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிற அன்னிக்கும், யாரையும் குத்த மனசு வராம என் விரலையே அஞ்சு தடவை குத்திக்கிட்டேன். வகுப்புல என்னைக் கிண்டல் பண்ணாத ஆளு இல்ல. இந்தப் படிப்புக்கும் எந்த உயிருக்கும் நோவு குடுக்காத நம்ம வழிக்கும் ஒத்தே வராதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

பிப்ரவரி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூணாவது பீரியட். முந்தின நாள் அப்பா அறைஞ்சதுல என் இடது காது அடைச்சிருந்துது. வலது காதை முன்னாடி வெச்சு உட்கார்ந்திருந்தேன். தேன்மொழி மேடம் பாடம் நடத்துனாங்க.

"மூளைக்குத் தனியா சேமிப்பு கிடையாது. ரத்தத்துல ஓடுற குளுக்கோஸ்தான் அதுக்குச் சோறு. அது ரொம்பக் குறைஞ்சா முதல்ல வேர்த்துக் கொட்டும். கை நடுங்கும். அப்புறம் குழப்பம். சில பேர் கண்மண் தெரியாம அடிப்பாங்க. பார்க்கிறவங்க குடிச்சிருக்காங்கன்னு நினைப்பாங்க. ஏதாவது இனிப்பு உள்ள போனதும் சரியாயிடுவாங்க. நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது."

என் பேனா நின்னுபோச்சு. நனைஞ்ச சட்டை. ஆறின டீ. யாரும்மா பண்ணது.

வகுப்பு முடிஞ்சு மேடம் பின்னாடியே ஓடினேன். "சுகர் டெஸ்ட் நார்மலா இருந்தா, மேடம்?"

"எப்ப எடுத்தாங்க? சாப்பிட்டுப் போய் எடுத்தா நார்மலாத்தான் இருக்கும். அந்த நேரத்துல எடுக்கணும்."

"அந்த நேரத்துல அவர்கிட்ட யாரும் போக முடியாது, மேடம்."

அவங்க என் காதைப் பார்த்தாங்க. "தனியா மட்டும் போகாத"ன்னு சொன்னாங்க.

ராஜேஸ்வரி அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. வீட்ல பார்த்துக்கிற மெஷின் அவங்ககிட்ட இருந்துது. கேட்டதும் குடுத்தாங்க. "எடுத்துக்கோ கண்ணு. ஆனா அந்த ஆளு கிட்டயா போகப்போற? கொன்னு போட்டுடுவாரு. எங்க வூட்டுக்காரரு லீவுலதான் இருக்காரு, சத்தம் கேட்டா வந்துடுவோம்."

இங்க ஒரு குத்தத்தை ஒத்துக்கணும். வியாழக்கிழமை விரதத்தை விட்டுடுங்கன்னு அம்மாகிட்ட ஒரு தடவைதான் சொன்னேன். முடியாதுன்னாங்க. நான் அதுக்கு மேல வற்புறுத்தல. எனக்கு அந்த நம்பர் வேணும். நம்பர் இல்லாம போனா எந்த டாக்டரும் ஒரு காலேஜ் பொண்ணு பேச்சைக் கேக்க மாட்டாங்க. என் அப்பா பசியோட இருக்கட்டும்னு நான் காத்துட்டு இருந்தேன். அவர் பசிக்கு நான் காவல் இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில விளக்கு முன்னாடி உட்கார்ந்தப்ப சாவைக் கேக்க வாய் வரல. "ஆண்டவரே, அவர் கையை ஒரே ஒரு நிமிஷம் எனக்குக் குடுங்க." அவ்வளவுதான் கேட்டேன்.

பதினோரு மணி இருக்கும். அப்பா ஹால்ல நின்னுட்டு சுவத்தையே பார்த்துட்டு இருந்தாரு. உதடு நடுங்குது. அம்மா, "என்னங்க, உட்காருங்க"ன்னு தோளைத் தொட்டாங்க. அவ்வளவுதான். அம்மா கையைப் பிடிச்சு முறுக்கி, கதவு நிலையில மோதினாரு. எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது. அம்மா கத்தல, அப்படியே சரிஞ்சாங்க. அப்பா சமையல்கட்டுக்குள்ள போயி அருவாமனையைத் தூக்கிட்டு வந்தாரு.

நான் ஓடியிருக்கணும். கதவு திறந்துதான் இருந்துது. மெஷின்ல ரத்தம் வைக்கிற ஸ்ட்ரிப்பைச் சொருகி, குத்துற ஊசியோட கையில வெச்சுக்கிட்டு, "அப்பா, கையைக் குடுங்கப்பா"ன்னு கிட்ட போனேன். அருவாமனையை வீசினாரு. என் இடது முழங்கைக்குக் கீழ பிளந்துட்டுப் போயி அது பீரோவுல மோதி விழுந்துது. அடுத்த நொடி ரெண்டு கையும் என் கழுத்துல. சுவத்தோட சேர்த்து அழுத்துறாரு. அவர் வேர்வை என் முகத்துல சொட்டுது. கை ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கு.

நான் கேட்ட கை, அன்பர்களே. என் கழுத்துக்கே வந்துடுச்சு.

என் ரத்தம் கலந்துடக்கூடாதுன்னு மட்டும் எப்படியோ ஞாபகம் வந்துது. துப்பட்டா நுனியால அவர் சுண்டுவிரலைத் துடைச்சேன். ஊசியை அழுத்திக் குத்தினேன். அவருக்கு அது உறைக்கவே இல்ல. ஒரு துளி வந்துது. ஸ்ட்ரிப்பை வெச்சேன். கண்ணு இருட்டிக்கிட்டு வருது. மெஷின் அஞ்சுலேர்ந்து கீழ எண்ணுது.

முப்பத்தி நாலு. எழுபதுக்குக் கீழயே போகக்கூடாது.

சுடிதார் பையில குழைச்சு வெச்சிருந்த நாட்டுச்சர்க்கரையை அள்ளி அவர் வாய்க்குள்ள, ஈறுல தேய்ச்சேன். என் விரலைக் கடிச்சாரு. நகம் பிஞ்சுது. மறுபடியும் தேய்ச்சேன். அந்த நேரத்துல ராஜேஸ்வரி அக்கா வீட்டுக்காரர் கிரிக்கெட் பேட்டோட உள்ள வந்து அவர் முதுகுல ஓங்கிப் போட்டாரு. கை தளர்ந்துது. கீழ விழுந்தாரு. இன்னொரு அடி ஓங்கினப்ப நான் அவர் மேல போய் விழுந்தேன்.

"அடிக்காதீங்கண்ணா! அடிக்காதீங்க! பசிண்ணா! அவருக்குப் பசி!"

பேட்டைத் தூக்கினபடியே அவர் நின்னுட்டாரு. ராஜேஸ்வரி அக்கா மெஷினைக் குனிஞ்சு பார்த்தாங்க. பத்து வருஷமா அந்த மெஷினைப் பார்க்கிறவங்க. "அய்யோ, முப்பத்தி நாலா!"ன்னு வாயைப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு ஓடி, சர்க்கரையைக் கரைச்சு எடுத்துட்டு வந்தாங்க. அப்பா தலையை மடியில வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினேன். கால் மணி நேரம் ஆச்சு. கண்ணைத் திறந்தாரு. என் கையைப் பார்த்தாரு. "என்னம்மா கலை, கையில ரத்தம்?"

அதே கேள்வி. அன்னிக்குத்தான் எனக்கு அழுகை வந்துது.

மெஷினை போட்டோ எடுத்துக்கிட்டு பாண்டிச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா கைக்கு மாவுக்கட்டு, என் கைக்குப் பதினாலு தையல். அந்த டாக்டர் நம்பரைப் பார்த்ததும் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாரு. அட்மிட் பண்ணி, பட்டினி போட்டு, மணிக்கு மணி ரத்தம் எடுத்தாங்க. சர்க்கரை இறங்கிக்கிட்டே போச்சு, சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலின் மட்டும் இறங்கல. ஸ்கேன்ல கணையத்தோட வால் பக்கம் ஒரு முந்திரிப்பருப்பு அளவுக்குக் கட்டி. நேரங்காலம் தெரியாம இன்சுலினைச் சுரந்துட்டே இருக்கிற கட்டி. புத்துநோய் இல்ல, எடுத்தா சரியாயிடும்னாங்க. எடுத்தாங்க. மார்ச் மாசத்துக்கப்புறம் என் அப்பா ஒரு தடவை கூட யார் மேலயும் கை நீட்டல.

ஆஸ்பத்திரியில அப்பாவுக்குத் தையல் பிரிக்கிற அன்னிக்கு, நான் அவர் சாவை வேண்டினதை அவர்கிட்ட சொல்லிட்டேன். "நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்"னாரு. அப்புறம் என் தலையில கை வெச்சாரு. நான் பின்னால நகர்ந்துட்டேன். வேணும்னு செய்யல, உடம்பு தானா நகர்ந்துது. இன்னிக்கும் அம்மா, அவர் பின்னாடி வந்தா திடுக்குன்னு திரும்பறாங்க. இதையும் சொல்லணும்ல?

விசாரணையில டாக்டர் ரிப்போர்ட்டைக் காட்டினதும் வேலை திரும்பக் கிடைச்சுது. அப்பா முதல்ல போனது வேலு வீட்டுக்கு. நானும் கூடப் போனேன். அப்பா கை கூப்பி எல்லாத்தையும் சொன்னாரு. வேலு அண்ணன் கேட்டுட்டு, "சர்டிபிகேட் கொண்டாந்தீங்க சார். என் பல்லு வந்துடுமா?"ன்னாரு. அப்பா குனிஞ்சு கும்பிட்டுட்டு வெளிய வந்தாரு. இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவை போறாரு. போன தடவை வேலு அண்ணன் சம்சாரம் தண்ணி குடுத்தாங்க. அவ்வளவுதான் இதுவரைக்கும்.

அம்மா விரதத்தை விட்டுட்டாங்க. வியாழக்கிழமை காலையில எங்க வீட்ல முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் விளக்கு. நம்ம வழியில பசி ஆத்துறதே பூசைன்னு நாம தினம் சொல்றோம். அன்னதானத்துல அடுத்தவங்க இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினோம். வீட்டுக்குள்ள பசியில ஒருத்தர் எரிஞ்சுட்டு இருந்தது எங்களுக்குத் தெரியல.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். எல்லா அடிக்கும் பின்னாடி கட்டி இருக்காது. குடிச்சிட்டு அடிக்கிறவன் இருக்கான், தெரிஞ்சே அடிக்கிறவனும் இருக்கான். அப்படிப்பட்ட வீட்ல இருக்கிற அக்கா தங்கச்சிங்க யாராவது இங்க இருந்தா, வெளிய வந்துடுங்க. எங்க குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டுங்க, எந்த நேரமா இருந்தாலும்.

ஆனா வேண்டுறதை நிறுத்தாதீங்க. நல்ல வார்த்தை வரலன்னாலும் வேண்டுங்க. நான் ஒரு கொலையைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் என்னை விரட்டல. மூணு மாசம் பொறுத்துக்கிட்டு, நான் வேண்டா வெறுப்பாப் படிச்ச ஒரு பாடத்துல, அடைச்ச காதுக்கு மறுகாதுல சொன்னாரு. உங்களுக்கு எங்கிருந்து வரும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. காதைத் திறந்து வெச்சிருங்க. வரும்.